கனகரத்தினத்தின் படத்துக்கு முன்னால்

உலகத்தில் எவராவது மணலைக் கூட்டித் துப்புரவு செய்வார்களா? நாங்கள் செய்தோம். மன்னாரில் கடற்கரை மணலைக் காலில் ஒட்டிக்கொண்டு வளர்ந்த நான், இத்தனை தூரம் ஓடிவந்து, கடைசியில் பேர்ன் நகரத்தில் ஒரு மண்டபத்துக்குள் சுவிஸ்காரர் கொட்டிவைத்த மணலைக் குப்பைவாரியால் வாரிக்கொண்டு நின்றேன். கோதாரி பிடித்த மணல். சப்பாத்துக்குள் வரும், காற்சட்டை மடிப்புக்குள் வரும், சாப்பாட்டுப் பெட்டிக்குள்கூட வந்துவிடும்.

பூம்ப்ளிஸ் பக்கம் ஒரு பழைய தொழிற்சாலையை அரங்கமாக மாற்றி வைத்திருக்கிறார்கள். அங்கே துப்புரவு வேலை எனக்கும் யோகாம்பாளுக்கும். போன வசந்தகாலத்தில் அங்கே நடந்த நிகழ்ச்சிக்குப் பெயர் ‘சுமந்தவர்கள்’. அதை நாடகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இருந்து பார்க்க ஒரு கதிரை கிடையாது. வருகிறவர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, அறை அறையாக மணலில் நடக்க வேண்டும். நாலு சுவரிலும் நடிகர்களை வைத்து எடுத்த படம் ஓடும். முதலாம் உலகப்போர் காலத்தில் வெள்ளைக்காரர்கள் ஆபிரிக்காவின் கிழக்குப் பக்கத்திலும் போய் அடிபட்டிருக்கிறார்கள். அவர்களுடைய பீரங்கியையும் குண்டையும் சாராயப் பெட்டியையும் தலையில் சுமக்க, அந்த ஊர்ச் சனத்தை லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பசியிலும் காய்ச்சலிலும் வழியெல்லாம் விழுந்து செத்தவர்களுக்குக் கல்லறையும் இல்லை, தேடுவாரும் இல்லை. சுவரில் அந்த மனிதர்கள் சுமையோடு நடந்துகொண்டே இருப்பார்கள். ஒருவரும் எங்கேயும் போய்ச் சேருவதில்லை. மேலேயிருந்து வெக்கை அடிக்கும், காதுக்குள் ஆரோ மூச்சுவாங்கும் சத்தம் கேட்கும்.

பார்க்க வந்த சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போகும். நாங்கள் குப்பைவாரியோடு உள்ளே போவோம். அடுத்த காட்சிக்கு வருகிறவர்கள் காலடி படாத மணலில் நடக்க வேண்டுமாம். அதற்காக முன்னே போனவர்களின் காலடியையெல்லாம் நாங்கள் அழிக்க வேண்டும்.

நான் மணலைப் பற்றிச் சொல்ல வரவில்லை, யோகாம்பாளைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

ஓஸ்டர்முண்டிகனில் நான் இருக்கும் அதே கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறாள். என்னைவிட இளையவள், நடையைப் பார்த்தால் மூத்தவள் என்பீர்கள். நெற்றியில் எப்போதும் சிவப்புப் பொட்டு. கழுத்தில் தாலிக்கொடி. வேலை உடுப்புக்குள்ளே அது கிடந்து உரசி, பிடரித் தோல் கறுத்துத் தடித்துப் போய்விட்டது. “வேலைக்கு வரேக்க அதைக் கழட்டி வைச்சிட்டு வாவன்டி, இஞ்ச ஆர் பாக்கப் போயினம்?” என்று ஒருக்கால் கேட்டுவிட்டேன். கன நாள் என்னோடு கதைக்கவில்லை. பஸ்ஸில்கூட வேறு இருக்கையில் போய் இருந்துகொண்டாள்.

இந்த நாட்டில் வாசல் மணிக்குப் பக்கத்தில் வீட்டில் இருக்கிறவர்களின் பெயரை எழுதி ஒட்ட வேண்டும். அவளுடைய மணிக்குப் பக்கத்தில் முதலில் இருப்பது புருசன் கனகரத்தினத்தின் பெயர். அதற்குக் கீழேதான் அவள், அவளுக்குக் கீழே மகள் ஹரிஷா. வீட்டு நிர்வாகத்திலிருந்து ஒருவன் வந்து, இங்கே இரண்டு பெண்கள்தானே பதிந்திருக்கிறீர்கள், இந்த ஆண் யார் என்று கேட்டானாம். “அவர் வருவார்” என்று ஜெர்மனில் சொன்னாளாம். அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். வெளிநாட்டில் வேலை செய்கிறார் என்று நினைத்திருப்பான், பாவம்.

கனகரத்தினம் விசுவமடுவில் லாண்ட்மாஸ்டர், அதாவது பெட்டி பூட்டின சின்ன உழவு இயந்திரம், ஓட்டினவர். நெல்லும் விறகும் ஏற்றுவார், பிள்ளைப்பெறு என்றால் காசு வாங்காமல் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போவார். இயக்கத்திலும் இல்லை, ஆமியிலும் இல்லை. கடைசிச் சண்டையில் சனமெல்லாம் கடற்கரைப் பக்கம் தள்ளப்பட்டபோது டீசல் முடிந்துபோய், லாண்ட்மாஸ்டரைத் தெருவிலேயே விட்டுவிட்டு மாமூட்டையைத் தோளில் ஏற்றினார். பிறகு காயப்பட்டவர்களைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினார். சொன்னார்கள் என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு பின்னேரம் பங்கர் வாசலில் குனிந்து, “போட்டு வாறன், பிள்ளையைப் பார்” என்று சொல்லிவிட்டு, முன்பின் தெரியாத ஒரு பெடியனைச் சீலையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போனார். அவ்வளவுதான். அவர் செத்ததைக் கண்டவர்களும் இல்லை, உயிரோடு கண்டவர்களும் இல்லை. ஹரிஷா அப்போது மூன்றாம் வகுப்பு.

யோகாம்பாள் முகாமிலிருந்து வெளியே வந்து, இங்கே இருந்த தமையன் தம்பித்துரை அண்ணையின் உதவியோடு பிள்ளையையும் இழுத்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் துணி தோய்க்கிற இடத்தில் வேலை, பிறகு கந்தோர்களில் புட்சன் என்கிற துப்புரவு வேலை, இப்போது இந்த மண்டபம். பிள்ளையைப் படிப்பித்துத் தாதியாக்கிவிட்டாள். இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒவ்வொரு வருசமும் ஜெனீவாவுக்கு ரயிலேறுவாள். ஐ.நா. வாசலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் சொந்தக்காரர்கள் படங்களோடு நிற்பார்கள். மழையோ பனியோ, இவளும் கனகரத்தினத்தின் படத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பாள். நானும் துணைக்குப் போயிருக்கிறேன்.

அந்தப் படங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவற்றுக்கு மாலை போடுவதில்லை, பூ வைப்பதில்லை, விளக்கு ஏற்றுவதில்லை. படத்தைத் தூக்கிப் பிடித்தால் ‘எங்கே என்ர மனிசன், கொண்டுவா’ என்று அர்த்தம். விளக்கு வைத்தால் கதை முடிந்தது, அவர் செத்துப்போனார் என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். எங்கள் சனத்தில் சின்னப்பிள்ளைக்கும் இது தெரியும். சுவிஸ்காரருக்கு எப்படித் தெரியும்?

நிகழ்ச்சியைச் செய்தவள் நீமா என்றொரு பெண். பீல் நகரில் பிறந்து வளர்ந்தவள், பெற்றவர்கள் தன்சானியாக்காரர். சுமை தூக்கப் போய்த் திரும்பாதவர்களில் அவளுடைய பூட்டனும் ஒருவர். அவருடைய படம் ஒன்றும் அவளிடம் இல்லை. கடைசி அறையை அவள் அவர்களுக்காகவே செய்திருந்தாள். சுவர் நிறையப் படச்சட்டங்கள், எல்லாம் வெறும் சட்டங்கள். மூட்டை தூக்கினவனைப் படம் எடுக்க அந்தக் காலத்தில் ஆருக்கு மனம் வந்திருக்கும்? சிலவற்றின் கீழே ஒரு பெயர் இருக்கும், பலவற்றின் கீழே ‘சுமந்தவர்’ என்று மட்டும் இருக்கும்.

ஒத்திகை நடந்த நாட்களில் நீமா எங்கள் இடைவேளை மேசையில் வந்திருந்து சாப்பிடுவாள். கெட்டிக்காரி, கர்வம் இல்லாதவள். ஒருநாள் யோகாம்பாள் தன் மனிசனைப் பற்றிச் சொன்னாள். நீமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பிறகு, அவருடைய படம் இருந்தால் கொண்டுவாருங்கள், திரும்பி வராதவர்களின் அறையில் அவரையும் வைப்போம், இந்த ஊரிலும் அப்படியான வீடுகள் இருக்கின்றன என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும் என்றாள்.

அடுத்த நாளே யோகாம்பாள் ஜெனீவாப் படத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டாள். ஆரோ ஒருவரின் கலியாண வீட்டில் எடுத்து, அவரை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிய படம். எதையோ சொல்ல வாயெடுத்தபடி நிற்கிறார்.

“ஜெனீவாவில வருசத்தில ஒருக்கா, பற்றிமா. இஞ்ச எண்டால் ஒவ்வொரு நாளும் சனம் பாக்கும்” என்றாள் என்னிடம். “நாலு பேர் பாத்தால் ஆரும் ஒருத்தர் விசாரிப்பினம்தானே.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இதற்கிடையில் ஹரிஷாவின் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை நிலக்ஷன், அருமையான பெடியன். கோடை தொடங்க, ஒய்ரோப்பாபிளாட்ஸ் கோயிலில் தாலிகட்டு. நான் வேதக்காரி, மாதாவைக் கும்பிடுகிறவள், எனக்கு இவர்களுடைய முறைகள் அரைகுறையாகத்தான் விளங்கும். விளங்கினது இவ்வளவு: பெற்றவர்கள் மணவறையில் நின்று தண்ணீர் வார்த்துப் பெண்ணைக் கொடுக்க வேண்டும். புருசன் தூர இடத்தில் என்றால், அவருக்காகத் தமையன் நிற்க, பக்கத்தில் மனைவி நிற்கலாம். புருசன் செத்தவள் என்றால் அந்தப் பக்கமே போகக்கூடாதாம். எந்த மடையன் போட்ட சட்டமோ! மாப்பிள்ளையின் தாய் இந்திரா முதலே சொல்லிவிட்டார், “அவர் வர ஏலாட்டிலும் நீங்கள் மனிசிதானே, நீங்கள் நில்லுங்கோ” என்று. அந்த ஒரு சொல்லில் யோகாம்பாளுக்குப் பத்து வயது குறைந்தது. மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுச்சேலை எடுத்து வைத்திருந்தாள். நான் மேலே போகும்போதெல்லாம் அலுமாரியைத் திறந்து காட்டுவாள். ஓம், நேற்றும் காட்டினனீ என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அரங்கேற்றத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போதுதான் விளக்குகள் வந்தன. பெட்டி பெட்டியாக, உள்ளங்கை அளவு மின்கல விளக்குகள். மெழுகுதிரி மாதிரியே சுடர் ஆடும். கடைசி அறைக்குள் போகிற ஒவ்வொருவர் கையிலும் ஒன்று கொடுப்பார்களாம். எந்தச் சட்டத்தின் முன்னால் விருப்பமோ, அங்கே மணலில் வைத்துவிட்டு வெளியே போக வேண்டுமாம். எல்லாரும் போன பிறகு விளக்குகளைப் பொறுக்கிச் சார்ஜில் போடுவது எங்கள் வேலை. விளக்கு என்றதும் எங்கள் இருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. வேலை ஒன்று கூடிவிட்டது என்ற எரிச்சல்தான்.

முதற் காட்சி ஒரு பின்னேரம். நாங்கள் கடைசி அறையின் திரைக்குப் பின்னால் வாளியோடு நின்றோம். சனம் உள்ளே வந்தது. நரைத்த தலையும் நல்ல மேலங்கியுமாக ஒரு சுவிஸ் அம்மா நேரே கனகரத்தினத்திடம் போய், மண்டியிட்டு, விளக்கை வைத்து, தலையைக் குனிந்தார். அடுத்து ஒருவர். அடுத்து இன்னொருவர். அத்தனை வெறும் சட்டங்களுக்கு நடுவில் ஒரேயொரு முகம் இருந்தால் மனிதர் அங்கேதானே போவார்கள்? கொஞ்ச நேரத்தில் அவருடைய காலடியில் ஒரு குவியல் எரிந்தது.

யோகாம்பாள் என் கையைப் பிடித்த பிடியில் நகம் இறங்கியது. பிறகு கையை விட்டுவிட்டு, காட்சி முடியமுதலே திரையை விலக்கிக்கொண்டு போய், விளக்குகளை அள்ளி வாளிக்குள் போடத் தொடங்கினாள். ஒரு ஐயா பதறிப்போய்க் கீழே விழுந்த ஒன்றை எடுத்துத் திரும்பவும் அங்கேயே வைத்தார். விழுந்துவிட்டது என்று நினைத்து உதவி செய்கிறாராம். இவள் எடுத்தாள். அவர் சிரித்துக்கொண்டு இன்னொன்றை வைத்தார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு காட்சியிலும் இதே கூத்து. அவர்கள் வைப்பார்கள், இவள் எடுப்பாள். அவரிடமிருந்து எடுத்ததை ஒரு விளக்கும் இல்லாமல் கிடக்கும் வெறும் சட்டங்களின் முன்னால் கொண்டுபோய் வைப்பாள். வாளிக்குள் போட்டால் சனம் ஒரு மாதிரிப் பார்க்கிறது என்று அந்த வழியைக் கண்டுபிடித்தாள். ஒருநாள் நீமா இதைக் கண்டுவிட்டு ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். தன் மனிசனுக்குக் கிடைத்த வெளிச்சத்தை எடுத்து முகமில்லாதவர்களுக்குக் கொடுக்கிறாளாம். இவள் கட்டைபோல நின்றாள்.

இதற்குள் எங்கள் சனம் தன் வேலையைக் காட்டிவிட்டது. பார்க்க வந்த ஒரு தமிழ்ப் பிள்ளை அந்த அறையைப் படமெடுத்து வைபரில் போட, அது குழுக்குழுவாகச் சுற்றி, ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று கும்பிட்ட கைகளோடு யோகாம்பாளின் போனுக்கே வந்து சேர்ந்தது. அந்தச் சனிக்கிழமை சம்மந்தியம்மா இந்திரா வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

“குறை நினையாதேங்கோ சம்மந்தி” என்று தேத்தண்ணியைத் தொடாமலே தொடங்கினார். “விளக்கு வைச்ச படத்தை எல்லாரும் பாத்திட்டினம். எங்கட ஆக்கள் ஒரு மாதிரிக் கதைக்கினம். பிள்ளையளின்ர வாழ்க்கை பாருங்கோ. மணவறையில தம்பித்துரை அண்ணையும் அவற்ற மனிசியுமே நிற்கட்டும்.”

“விளக்கை நான் வைக்கேல்லை.”

“ஆர் வைச்சாலும்...”

“நான் வைக்கேல்லை, சம்மந்தி” என்றாள் யோகாம்பாள். குரல் உயரவில்லை. “நான் எடுக்கிறனான். ஒவ்வொரு நாளும் நான்தான் எடுக்கிறனான்.”

இந்திரா கெட்ட மனிசி இல்லை. அதுதான் என் ஆத்திரத்தைக் கூட்டியது. கெட்டவளாக இருந்திருந்தால் நாலு வார்த்தை நல்லாய்க் கேட்டிருப்பேன். அவர் கண் கலங்கிப்போய் இருந்தார். “விளக்கு வைக்கிற இடத்தில படத்தை விட்டிருக்கிறியள். நான் என்னண்டு ஆக்களுக்கு விளங்கப்படுத்துறது?” என்றார். அவர் போன பிறகு ஹரிஷா, “அம்மா, படத்தைக் கழட்டிக்கொண்டு வாங்கோவன், பிளீஸ்” என்று மட்டும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் கண்விழித்துவிட்டு வந்திருந்த பிள்ளை, அப்படியே சோபாவில் நித்திரையாகிவிட்டாள்.

திங்கட்கிழமை யோகாம்பாள் நீமாவிடம் போனாள். ஜெர்மனில் தடுமாறுவாள் என்று நானும் போனேன். அவள் தடுமாறவில்லை.

“என் கணவர் சாகவில்லை. செத்ததாக எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நீங்கள் விளக்கு வைக்கிறீர்கள். எங்கள் ஆட்களிடம் அது சாவு.”

நீமா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உடனே கழற்றித் தருகிறேன், இப்போதே தருகிறேன், என்னை மன்னியுங்கள் என்று எழும்பினாள். பிறகு அப்படியே இருந்துவிட்டாள். தன் பூட்டியைப் பற்றிச் சொன்னாள். பின்னேரமானால் அந்த மனிசி வாசலில் இருந்து வழியைப் பார்க்குமாம். சாகும்வரை பார்த்ததாம். அவர் இனி வரமாட்டார் என்று சொல்ல அந்த வீட்டில் ஒருவருக்கும் துணிவு வரவில்லையாம். அவருக்கென்று ஒரு கல்லும் நடவில்லை, ஒரு சோறும் படைக்கவில்லை. அதற்காகத்தான் இந்த விளக்குகளை யோசித்தேன் என்றாள்.

யோகாம்பாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “படம் கிடக்கட்டும். விளக்கு மட்டும் வேண்டாம்” என்றாள். கழற்றிக்கொண்டு போகத்தானே வந்தாய் என்று நான் காலால் இடித்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது கேட்டாள், “அந்தப் பூட்டி செத்தாப் பிறகு ஆரடி வழியைப் பாத்தது?”

“ஒருத்தரும் பாத்திருக்காயினம்.”

“ம்” என்றாள்.

நீமா ஒரு சின்ன அட்டையில் எழுதிச் சட்டத்தின் பக்கத்தில் ஒட்டினாள். ஜெர்மனிலும் தமிழிலும். ‘தயவுசெய்து இங்கே விளக்கு வைக்க வேண்டாம். இவருக்காகக் காத்திருக்கிறார்கள்.’ தமிழை ஹரிஷா எழுதிக் கொடுத்தாள். இந்த நாட்டில் எதையும் எழுதி ஒட்டிவிட்டால் போதும், சனம் கடவுள் வாக்குப்போல எடுத்துக்கொள்ளும். அடுத்த காட்சியிலிருந்து ஒரு விளக்கு, மருந்துக்குக்கூட, அங்கே வரவில்லை. ஹரிஷா அட்டையைப் படமெடுத்து இந்திராவுக்கு அனுப்பினாள். ‘சரி, அப்ப அம்மாவே நிற்கட்டும்’ என்று பதில் வந்தது. பட்டுச்சேலை திரும்பவும் அலுமாரியிலிருந்து வெளியே வந்தது.

வென்றுவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் முகம் தெளியவில்லை. மணலை வாரும்போது பாதியில் நின்றுவிடுவாள். இப்போது விளக்குகள் எல்லாச் சட்டங்களுக்கும் பரவலாகப் போயின. பெயர் தெரியாத ஆபிரிக்க மனிதர்களின் முன்னாலெல்லாம் வெளிச்சம் ஆடியது. நடுவில் ஒரு இடம் மட்டும் இருட்டு.

“அவற்ற முகம் தெரியேல்லை, பற்றிமா” என்றாள் ஒருநாள். “வாறவை அட்டையை வாசிச்சிட்டு, அவரைப் பாக்காமலே போயினம்.”

“நீதானே வேண்டாம் எண்டனீ?”

“ஓம். நான்தான்” என்று சொல்லிவிட்டுக் குப்பைவாரியை இழுத்தாள். அந்த வாரங்களில் அவள் களைத்த களை வேலைக் களை இல்லை. வேலைக் களை என்றால் எனக்குத் தெரியாதா? படியேறும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு எடுத்தாள். கேட்டால் கால் நோகுது என்பாள். சுவரில் நடக்கிற ஆட்கள் கனவிலும் வருகினம் என்பாள். ஆரும் ஒருத்தர் அவர்களைக் கொஞ்சம் இருந்து களையாறச் சொன்னால் என்ன என்பாள். எனக்குப் பயமாக இருந்தது. மடுமாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்து வைத்தேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சி எங்கள் சனத்துக்கு என்று நீமா ஒதுக்கியிருந்தாள். மண்டபம் நிறைந்துவிட்டது. ஹரிஷாவும் நிலக்ஷனும் வந்தார்கள், இந்திராவும் வந்தார். எம்மன்புரூக்கேயிலிருந்து சண்முகநாதன் என்றொருவர் ரயிலேறி வந்திருந்தார். அங்கே தொழிற்சாலையில் வேலை. விசுவமடுவில் கனகரத்தினத்தின் கூட்டாளி, அவருடைய லாண்ட்மாஸ்டர் பெட்டியில் தொங்கிக்கொண்டு திரிந்தவர். கூட்டாளியின் படம் இங்கே இருக்கிறது என்று கேள்விப்பட்டு அதைப் பார்ப்பதற்கென்றே வந்ததாக வாசலில் என்னிடம் சொன்னார்.

சனம் கடைசி அறைக்குள் வந்தது. எங்கள் ஆட்களுக்கு அந்த அட்டை தேவையே இல்லை, தேவைக்கு மேலேயே தெரியும். கனகரத்தினத்தின் பக்கம் ஒருவரும் போகவில்லை. சிலர் முகத்தையே மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு போனார்கள். யோகாம்பாள் மனம் நோகக்கூடாது என்ற மரியாதைதான், எனக்கு விளங்கியது. ஆனால் பார்க்க அப்படி இல்லை. செத்தவனுக்கும் சேராத, இருக்கிறவனுக்கும் சேராத ஒருவரை எல்லாரும் விலத்திக்கொண்டு போவது மாதிரித்தான் இருந்தது.

சண்முகநாதன் மட்டும் நேரே போய் நின்றார். விளக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கண்ணாடியைச் சரிசெய்து அட்டையை வாசித்தார். கன நேரம் நின்றார். “சரி மச்சான்” என்று படத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு, கொண்டுவந்த விளக்கை எங்கே வைப்பதென்று தெரியாமல் அங்கும் இங்கும் பார்த்து, பக்கத்தில் ‘சுமந்தவர்’ என்று மட்டும் எழுதியிருந்த வெறும் சட்டத்தின் முன்னால் வைத்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு நடந்தார்.

என் பக்கத்தில் நின்ற யோகாம்பாளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை இல்லை. பாரத்தை இறக்கும்போது வருமே, அது.

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். நீல வேலை உடுப்பு, கையில் ரப்பர் உறை. எல்லாரும் பார்த்தார்கள். வாசலில் விளக்குக் கொடுக்கிற பிள்ளையிடம் போய்க் கையை நீட்டினாள். அந்தப் பிள்ளை ஒன்றைக் கொடுத்தது. ரப்பர் உறையைக் கழற்றிக் கக்கத்தில் செருகிக்கொண்டு, கனகரத்தினத்தின் முன்னால் போய்க் குந்தியிருந்தாள். மணலைக் கையால் தட்டிச் சமப்படுத்தினாள். விளக்கை வைத்தாள். அவருடைய முகத்தில் வெளிச்சம் ஏறியது. சொல்ல வந்ததை இன்னும் சொல்லாமல் வாயைத் திறந்தபடிதான் நின்றார்.

“இருங்கோ” என்றாள் அவரிடம். அவ்வளவுதான் கேட்டது எனக்கு.

ஹரிஷா ஓடிவந்து தாயின் முதுகோடு சாய்ந்து, எட்டு வயதுப் பிள்ளை அழுவதுபோல ஏங்கி ஏங்கி அழுதாள். சண்முகநாதன் வாசலில் நின்றபடியே தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். இந்திரா கண்ணைத் துடைத்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார், பிறகு மெல்ல வெளியே போனார். அவர் போன விதத்திலேயே யோகாம்பாள் மணவறையில் நிற்கிற கதை முடிந்தது எனக்கு விளங்கியது. நில்லுங்கோ, இந்த மனிசி இவ்வளவு காலம் சுமந்ததை ஒருநாள் நீங்கள் சுமந்து பாருங்கோ என்று கத்த வாய் உன்னியது. கத்தவில்லை. ஆரைக் கத்துவது?

எல்லாரும் போன பிறகு விளக்குகளை நான் பொறுக்கினேன். யோகாம்பாள் சுவரோடு சாய்ந்து மணலில் காலை நீட்டியிருந்தாள். அவரிடம் வந்தபோது என் கை போகவில்லை.

“எடு” என்றாள்.

“கொஞ்சம் கிடக்கட்டும்டி.”

“எடு, பற்றிமா. நாளைக்கு எல்லாத்தையும் பெட்டியில அடைச்சு சூரிச்சுக்கு அனுப்பப் போறாங்கள்.”

எடுத்தேன்.

நாங்கள் பத்தாம் நம்பர் பஸ் பிடித்தபோது இன்னும் நல்ல வெயில். படம் அவளுடைய மடியில், துண்டில் சுற்றியபடி. நான் அவளுடைய நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

“என்ன பாக்கிறாய்? பொட்டு கிடக்கட்டும். நெத்தி என்ரதானே” என்றாள்.

“கலியாணத்துக்கு?”

“அண்ணையும் அண்ணியும் நிற்கட்டும். நான் முன்வரிசையில இருந்து பாக்கிறன். சேலை சேலைதானே, அங்க இருந்தாலும் தெரியும்.”

“உனக்கு விசரோடி? அந்த இடத்தில நிற்கத்தானே இவ்வளவு காலமும்...” என்று தொடங்கினேன். அவள் கையை என் முழங்காலில் வைத்தாள். கையில் இன்னும் மணல் இருந்தது.

“எனக்கு ஏலாமல் போச்சு, பற்றிமா” என்றாள். “இவ்வளவு வருசமும் அந்த மனிசனை நான் இருக்க விடேல்லை. வா வா எண்டு நடக்கவே வைச்சிட்டன். கால் நொந்திருக்கும்.”